கம்பஸுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு

கொடிகாமத்தில் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் சந்தையில் தேங்காய் விற்பவருக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும். பள்ளிக்கூட மதிலில் படத்தோடு பதாகை கட்டுவார்கள். கோயிலில் அர்ச்சனை நடக்கும். ரொறொன்ரோவில் இருக்கும் மாமா நேரம் பார்க்காமல் தொலைபேசி எடுப்பார். எல்லாம் நல்லதுதான், அந்தச் சந்தோசத்துக்குப் பிள்ளையும் தாய் தகப்பனும் உரித்துடையவர்கள். ஆனால் முதலாம் வருடம் கடினமானது, அதில் தடுமாறுவது வழமை, தடுமாறினால் வாய் திறந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை.

உயர்தர வகுப்புகளுக்குப் பல காலம் படிப்பித்தவன் நான். திருநாவுக்கரசு, மீசாலை வீரசிங்கம், சாவகச்சேரி இந்து என்று இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்து கம்பஸுக்குப் போய், இடையில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அவர்களில் மூளை குறைந்தவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்லமுடியாது. சிக்கல் தொடங்கியதை மறைத்தார்கள். மறைத்து மறைத்து, கடைசியில் யாரும் உதவமுடியாத கட்டத்தில் வெளியே தெரிந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதைத் தடுப்பதற்காகத்தான்.

1. வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற பெயரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். விரிவுரை மண்டபத்தில் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவரும் ஒரு பள்ளிக்கூடத்தின் முதலாம் பிள்ளை, இடப்பக்கம் இருப்பவரும் அப்படித்தான். முதல் அரையாண்டுப் பரீட்சையில் அவர்களில் பாதிப் பேர் வகுப்பின் கீழ்ப்பாதிக்குள் நிற்கவேண்டியிருக்கும். அது கணக்கு, அவமானம் அல்ல. உங்கள் இசட் புள்ளி எவ்வளவு, திறமை அடிப்படையில் வந்தீர்களா, மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தீர்களா என்ற கதையெல்லாம் பதிவு செய்த அன்றோடு முடிந்துவிட்டது. உள்ளே அதை வைத்து உங்களை யாராவது அளந்தால் பதில் சொல்லி நேரம் வீணாக்கவேண்டாம்.

2. மாணவர் கைநூலை முதற்கிழமையே வாசியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை அலுமாரியில் வைத்துவிட்டு, பிரச்சினை வந்த பிறகுதான் திறக்கிறார்கள். வரவு எத்தனை வீதம் இருந்தால் பரீட்சை எழுத விடுவார்கள் (பல பீடங்களில் 80 வீதம்), தொடர்மதிப்பீட்டுக்கு எத்தனை புள்ளி, சிறப்புப் பட்டத்துக்கு எந்த வருடப் பெறுபேற்றைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கலைப்பீடங்களில் சிறப்புக்கலைத் தெரிவு வழக்கமாக முதலாம் வருடப் பெறுபேற்றை வைத்தே நடக்கிறது. "முதல் வருசம் ஆறுதலாய் இருப்பம், பிறகு படிப்பம்" என்று சீனியர் ஒருவர் சொல்லக் கேட்டு நம்பிய பிள்ளை, விரும்பிய பாடத்தை அந்த இடத்திலேயே இழந்துவிடும்.

இன்னொன்று. தவறிய பாடத்தைத் திரும்ப எழுதினால் பெரும்பாலும் சீ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள், எவ்வளவு நன்றாக எழுதினாலும். ஆகையால் பரீட்சை நேரத்தில் காய்ச்சலோ டெங்குவோ வந்தால், விழுந்து எழும்பிப் போய் எழுதுவது வீரம் அல்ல. மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் உரிய இடத்தில் கொடுங்கள். எத்தனை நாள், யாரிடம் என்பதும் அந்தக் கைநூலில்தான் இருக்கிறது.

3. ஆங்கிலம். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் அதிகம் அழுவது இதற்காகத்தான்.

தமிழில் உயர்தரம் படித்துவிட்டு விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், விவசாயம் என்று போகிறவர்களுக்கு முதல்நாள் விரிவுரையே ஆங்கிலத்தில். ஒரு மணித்தியாலம் முடியும்போது கொப்பியில் நாலு வரிதான் இருக்கும், அதிலும் இரண்டு விளங்காது. பக்கத்தில் இருப்பவர் கடகடவென்று எழுதுவதுபோல் தெரியும். அவருக்கும் விளங்கியிருக்காது, ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் பிள்ளை பின்வரிசைக்குப் போகிறது. பிறகு விரிவுரைக்கே போகாமல் விடுகிறது.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆர்முடுகல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வகையீடு, தொகையீடு செய்வீர்கள். நொதியம் எப்படி வேலைசெய்கிறது, ஒளித்தொகுப்பில் என்ன நடக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். முதல் அரையாண்டில் வருவதில் கணிசமான பகுதி இந்த அத்திவாரத்தின்மேல்தான் நிற்கிறது. ஒரு கொப்பியை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் நீங்கள் படித்த தமிழ்ச்சொல், மறுபக்கம் விரிவுரையில் கேட்ட ஆங்கிலச்சொல். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய சொற்களை எழுதுங்கள். நாளைய விரிவுரைக்குரிய பாடநூல் பக்கங்களில் தலைப்புகளையும் படங்களையும் மட்டுமாவது முதல்நாளே பாருங்கள். இதை விடாமல் செய்த பிள்ளைகளுக்கு இரண்டாம் அரையாண்டில் காது பழகிவிடும். பேச்சு வரக் கொஞ்சம் கூடக் காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

தமிழில் படித்தது ஒரு குறை என்று யாரும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். உடற்கூற்றியல் நூலைத் தமிழாக்கி, அதைப் படித்த வைத்தியர்களை இந்தக் குடாநாட்டுக்குத் தந்தவர். விஞ்ஞானம் எங்கள் மொழிக்குள் வந்து ஒன்றரை நூற்றாண்டாகிறது. நீங்கள் ஆங்கிலத்தை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களுக்கு விரிவுரை தமிழில் இருக்கலாம், ஆங்கிலப் பாடத்தை அதனால் தள்ளிப்போடாதீர்கள். பட்டம் முடித்து வேலை தேடும்போதுதான் அதன் விலை தெரியும்.

4. டியூட்டரி முடிந்துவிட்டது. சாவகச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் சேர் சொல்லச் சொல்ல எழுதி, கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய கை உங்களுடையது. இங்கே விரிவுரையாளர் ஒரு தலைப்பைத் தொட்டுவிட்டுப் போவார். மிச்சத்தை நீங்கள் தேடவேண்டும். அதற்குத்தான் நூலகம். முதல் மாதத்திலேயே உள்ளே போய், உங்கள் பாடத்து நூல்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். தமிழ், வரலாறு, சமூகவியல் படிப்பவர்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தையும் பழகிக்கொள்ளுங்கள். ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் மலர்களும் ஆயிரக்கணக்கில் காசில்லாமல் வாசிக்கக் கிடக்கின்றன.

குப்பி (சீனியர்மார் தாங்களே எடுக்கும் வகுப்பு) வைக்கிற சீனியர் இருந்தால் தவறாமல் போங்கள். விரிவுரை மண்டபத்தில் கேட்க நா எழாத கேள்வியைக் குப்பியில் கேட்கலாம். ஆனால் குப்பியை மட்டும் நம்பி விரிவுரையை விடாதீர்கள். சீனியர் தரும் குறிப்பில் அவர் பிழையாக விளங்கிக்கொண்டதும் சேர்ந்தே இருக்கும்.

விரிவுரையாளரிடம் போய்க் கேட்கவும் பயப்படவேண்டாம். "சேர், இது எனக்கு விளங்கேல்லை, எந்தப் புத்தகத்தில பார்க்கலாம்?" என்ற ஒரு கேள்வி போதும். நன்றாகப் படிப்பிக்கிற எவரும் அதைக் கேட்டுச் சந்தோசப்படுவார். எப்போதாவது ஒருவர் எரிந்து விழுந்தால், இன்னொருவரிடம் கேளுங்கள்.

5. பகிடிவதைக்கு உடன்படாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது.

"எல்லாரும் வாங்கினதுதானே, ஒரு மாசம் பொறுத்தால் முடிஞ்சுது" என்பார்கள். பொறுத்ததன் கதைகளை நாடு அறியும். 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியில் இருந்து குதித்து, வாழ்நாள் முழுவதும் நடக்கமுடியாமல் போனாள். 1997இல் அதே பேராதனைக்குப் பொறியியல் படிக்கப்போன ஒரு தமிழ் மாணவனைத் தாங்கமுடியாத உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். அவனும் ஒரு வீட்டில் அர்ச்சனை செய்து அனுப்பிய பிள்ளை. அடுத்த வருடமே, 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு 2 வருடம் வரை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்திருந்தால் 10 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டம் வந்தும் வழக்கம் சாகவில்லை. உடம்பைத் தொடாமல் கைத்தொலைபேசிக்குள் போனது. 2020இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலேயே புதுமுக மாணவிகளுக்கு அப்படி நடந்த தொல்லை நாடறிய வெளியே வந்தது.

ஆகவே நடைமுறையில் என்ன செய்வது? உங்கள் இலக்கத்தைக் கேட்கிற எல்லாருக்கும் கொடுக்காதீர்கள். இரவு அழைப்பு வந்தால் எடுக்கவேண்டிய கடமை இல்லை. அருவருப்பான செய்தியோ மிரட்டலோ வந்தால் அழிக்காதீர்கள், திரைப்பிடி எடுத்து வீட்டில் ஒருவருக்கு உடனே அனுப்பிவையுங்கள். மாணவ ஆலோசகர் யார் என்று முதல்நாளே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே முறையிடலாம், அதற்கென்று தனி வழி வைத்திருக்கிறார்கள். தனியாகப் போகவேண்டாம், உங்கள் பட்சில் இன்னும் மூன்று பேரோடு போங்கள். "சீனியர்மார் நோட்ஸ் தரமாட்டினம், சங்கத்தில சேர்க்கமாட்டினம்" என்ற பயமுறுத்தலுக்குப் பணியாதீர்கள். குறிப்புத் தர மறுப்பவரிடம் இருந்து உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பெயர், ஊர், பள்ளிக்கூடம் விசாரித்து, ஒரு ரீ வாங்கித் தந்து, "ஏதும் எண்டால் கேளும்" என்று சொல்லும் அண்ணாமாரும் அக்காமாரும் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் முகம் திருப்பாதீர்கள். யார் எவர் என்று ஒரு கிழமையில் தெரிந்துவிடும். அடுத்த வருடம் உங்கள் முறை வரும்போது, பட்டதைத் திருப்பிக் கொடுப்பவராக மாறிவிடாதீர்கள்.

6. காசு. மகாபொல 1981இல் தொடங்கிய உதவித்தொகை. மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். அது கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து உதவுதொகை உண்டு. இரண்டுக்கும் வருமான விபரம் வேண்டும், கிராம அலுவலரிடமும் சாவகச்சேரியில் உள்ள பிரதேச செயலகத்திலும் அலையவேண்டி வரும். அந்த அலைச்சலைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதற்கொடுப்பனவு கைக்கு வரப் பல மாதம் ஆகலாம். அதுவரைக்கும் என்ன செய்வது என்று வீட்டில் வெளிப்படையாகக் கதைத்துவிட்டுப் போங்கள். அப்பாவின் உழைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதற்காக மதியச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடிக்கவேண்டாம். அப்படிச் செய்கிற பிள்ளைகள் நிறைய, பெண்பிள்ளைகள் இன்னும் அதிகம்.

வெளிநாட்டுச் சொந்தம் "என்ன வேணும்?" என்று கேட்டால் மோட்டார் சைக்கிள் கேட்காதீர்கள், மடிக்கணினி கேளுங்கள். ஏ9 வீதியில் எங்கள் ஊர் இளம்பிள்ளைகள் விபத்தில் போன வீடுகளுக்கு நாங்கள் போய் இருந்திருக்கிறோம்.

7. போய் வருவதா, தங்குவதா? எங்கள் சந்தியில் நின்றால் ஏ9 வீதியில் ஒருபக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி, மறுபக்கம் கிளிநொச்சி அறிவியல்நகர். சித்த மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்குக் கைதடி வீட்டு வாசல் மாதிரி. திருநெல்வேலிக்கு இங்கிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல், யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பலாலி வீதி பஸ் பிடிக்கவேண்டும். சீசன் ரிக்கற் எடுத்தால் காசு பெரிதில்லை, நேரம்தான் பெரிது. காலை எட்டு மணி விரிவுரைக்கு அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவிப்பார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆய்வுகூடம் பின்னேரம் வரை இருந்தால், திருநெல்வேலிப் பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். மாலையில் நூலகத்தில் இருக்கமுடியும், பட்சோடு சேர்ந்து படிக்கமுடியும். போய்வருகிற பிள்ளைக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

பேராதனைக்குப் போகிறவர்களுக்கு இதே ஏ9 வீதி கண்டி வரைக்கும் போகிறது. குளிருக்கு ஒரு சுவெற்றர் கொண்டுபோங்கள். 1952இல் பல்கலைக்கழகம் குடியேறிய அந்த வளாகத்தில் இராமநாதன் விடுதியும் அருணாசலம் விடுதியும் எங்கள் ஆட்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. 'இளங்கதிர்' வெளியிடும் தமிழ்ச்சங்கம் இருக்கிறது. அந்நியப்பட்ட இடம் என்று நினைக்கத் தேவையில்லை. வந்தாறுமூலை, ஒலுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா என்று போகிறவர்கள், முதல் இரண்டு மாதம் வெள்ளிக்கிழமை வந்தவுடன் ஊருக்கு ஓடிவராமல் இருக்கப் பாருங்கள். சனி, ஞாயிறில்தான் அங்கே நட்பு உண்டாகும்.

8. மற்றவர்களோடு பழகுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இன்று சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், மலையகப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கிறார்கள். 2016 யூலையில் விஞ்ஞானபீடப் புதுமுக வரவேற்பில் கண்டிய நடனம் தொடர்பாக மோதல் மூண்டு, பீடத்தையே மூடவேண்டி வந்தது. அப்படி ஒரு நாளில் நடுவில் நின்று சமாதானம் பேசக்கூடியவர், மறுபக்கத்தில் ஒரு நண்பன் உள்ளவர்தான். எங்கள் இழப்புகளை மறக்கச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி முழுவதும் பெயர்ந்து ஓடியதை உங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அம்பாந்தோட்டையில் இருந்து வந்த ஒரு பிள்ளை அதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்காது. உங்கள் வாயால் கேட்கட்டும். அந்தப் பிள்ளையின் ஊர்க்கதையையும் நீங்கள் கேளுங்கள். பலாப்பழக் காலத்தில் ஒரு பழத்தை வெட்டிச் சுளை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டுபோனால், சிங்களம் தெரியாமலே கதை தொடங்கும்.

9. மனம் சோர்ந்தால் சொல்லுங்கள். நித்திரை வராமை, சாப்பாடு பிடிக்காமை, அறையை விட்டு வெளியே போக மனமில்லாமை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், அதைச் சோம்பல் என்று உங்களை நீங்களே ஏசாதீர்கள். பரீட்சை தவறியதாலோ, ஒரு காதல் முறிந்ததாலோ, காரணமே இல்லாமலோ வரலாம். வைத்தியம் உள்ள விசயம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை தரும் சாந்திகம் இருக்கிறது. பல்கலைக்கழக வைத்தியரும் ஆலோசகரும் இருக்கிறார்கள். 1926 என்ற இலக்கத்தை இப்போதே தொலைபேசியில் பதிந்துவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அறைத் தோழருக்குத் தேவைப்படலாம்.

10. இது பெற்றோருக்கு. பிள்ளை தொலைபேசி எடுக்கும்போது முதற்கேள்வியாகப் பெறுபேற்றைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியோ, நித்திரை கொள்ளுறியோ?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை மொறட்டுவையில் என்ன செய்கிறது என்று சொல்லவேண்டாம். ஒரு பாடம் தவறிவிட்டது என்று பிள்ளை சொன்னால், சொன்னதற்காகவே நன்றி சொல்லுங்கள். அன்றைக்கு ஏச்சு விழுந்தால் அடுத்தமுறை சொல்லாது.

கடைசியாக, ஏற்கனவே கம்பஸில் இருக்கும் கொடிகாமத்து அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதிக் கடிதம் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்துக்குக் கூப்பிடுங்கள். உங்கள் முதலாம் வருடக் கொப்பிகளைக் கொடுங்கள். எந்தப் படிவத்தை எங்கே, எப்போது கொடுப்பது என்று சொல்லுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். முதல் மாதத்தில் அவர்கள் எடுக்காவிட்டால், நீங்களே எடுத்து விசாரியுங்கள்.